ஜிலேபிக் கெண்டை வந்த கதை

நம் காவிரியிலும் அதன் வாய்க்கால்களிலும் இன்றைக்குத் தூண்டில் போட்டால் முதலில் கடிக்கிற மீன் ஜிலேபிக் கெண்டை. வீச்சுவலை போட்டாலும் அதுதான். குளத்தை இறைத்து அரித்தாலும் கூடையில் முக்கால் பங்கு அதுதான். பேரன் வயதுப் பிள்ளைகளுக்கு ஆற்று மீன் என்றாலே ஜிலேபிதான். கரிகாலன் கல்லணை கட்டிய நாளிலிருந்தே இந்த மீன் இங்கே இருப்பதாக நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் அது நம் ஊருக்கு வந்து எழுபது வருஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அது வந்தபோது எனக்கு மூன்று வயது. அதாவது நான் அதைவிட இந்த ஊருக்கு மூத்தவன்!

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். மிட்டாய்க் கடை ஜிலேபிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. திலேப்பியா என்பது அதன் பெயர். அது நம் வாயில் திலேபி, ஜிலேபி என்று உருண்டுவிட்டது. அந்தத் திலேப்பியாவும் வெள்ளைக்காரர் வாயில் உருண்ட சொல்தான். தென்னாப்பிரிக்காவில் ட்ஸ்வானா மொழி பேசுகிறவர்கள் மீனைக் குறிக்கச் சொல்லும் சொல்லிலிருந்து, ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1840-ல் இந்தப் பெயரை உண்டாக்கினார். ஆகவே ஜிலேபி மீன் என்றால், மூலத்துக்குப் போனால், "மீன் மீன்" என்றுதான் பொருள் வரும்.

கெண்டை என்பதும் சரியில்லை. கெண்டை, சேல், கட்லா, ரோகு எல்லாம் ஒரு குலம். இது வேறு குலம். கெண்டைக்கு முதுகுத் துடுப்பு மெத்தென்று இருக்கும். ஜிலேபிக்கு முதுகு நெடுக முள். கையில் எடுக்கத் தெரியாமல் எடுத்தவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். இதன் குலத்தில் நம் பக்கத்துச் சொந்தக்கார மீன் ஒன்று உண்டு. மலையாளத்தார் கரிமீன் என்று வாழை இலையில் பொதிந்து கொண்டாடுகிறார்களே, அதுதான். பெரியம்மா பிள்ளை, சித்தி பிள்ளை என்கிற அளவுக்கு உறவு சொல்லலாம்.

இந்த மீனின் சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரை. ஜாம்பேசி ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து தெற்கே தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரை ஆறுகள் வரை அது வாழ்ந்தது. பெர்லினைச் சேர்ந்த வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1840களில் மொசாம்பிக்கில் பல வருஷம் சுற்றி, கண்ணில் பட்ட உயிரினங்களையெல்லாம் சேகரித்துக்கொண்டு ஊர் திரும்பினார். 1852-ல் இந்த மீனுக்கு முறையாக விவரம் எழுதி மொசாம்பிக்கா என்று பெயர் வைத்தார். அதற்குச் சரியாக நூறு வருஷம் கழித்து அது நம் தண்ணீரில் இறங்கியது.

நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. 1930களின் கடைசியில் ஜாவா தீவின் தெற்குக் கரையில், ஒரு ஆற்று முகத்துவாரத்தில், முஜாயிர் என்ற கிராமத்து மனிதர் இதுவரை பார்த்திராத மீன் சிலவற்றைப் பிடித்தார். குஞ்சுகளை வாயில் வைத்துக்கொண்டு திரிவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, வீட்டுக்கு எடுத்து வந்து நல்ல தண்ணீரில் பழக்கி வளர்த்தார். ஆப்பிரிக்க மீன் ஜாவாவுக்கு எப்படிப் போனது என்பதற்கு இன்றுவரை யாரிடமும் பதில் கிடையாது. கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்த யாரோ கொட்டிவிட்டிருக்கலாம் என்பார்கள். இந்தோனேசியாவில் இன்றும் அந்த மீனின் பெயர் முஜாயிர். அரசர் பெயரும் தளபதி பெயரும் தாங்கிய ஊர்கள் எத்தனையோ உண்டு. ஒரு சாதாரணக் கிராமத்தான் பெயரைத் தினமும் லட்சக்கணக்கான வீடுகளில் சமையலறையில் சொல்லுகிறார்கள் என்றால் அது சின்ன விஷயமா?

பிறகு இரண்டாம் உலகப் போர். ஜப்பானியர் ஆண்ட அந்தச் சில வருஷங்களில் உணவுக்குத் தட்டுப்பாடு. தீனி போடாமலே வளர்ந்து, குஞ்சுக்கு அலையவும் விடாத மீன் ஒன்று கையில் இருந்தால் யார்தான் விடுவார்கள்? ஜாவாவிலிருந்து தீவு தீவாக, நாடு நாடாக அது பரவியது. 1946-ல் ஊ, குவோ என்ற இரண்டு பேர் சிங்கப்பூரிலிருந்து தைவானுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர்கள் இருவர் பெயரையும் சேர்த்தே மீனுக்கு வைத்துவிட்டார்கள். மலேயா, தாய்லாந்து என்று நகர்ந்து, கடைசியில் வங்காள விரிகுடாவின் இந்தப் பக்கமும் வந்து சேர்ந்தது.

1952 என்றால் நம் வயதுக்காரர்களுக்கு வேறு ஞாபகங்கள் வரும். ராஜாஜி முதலமைச்சராகி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கிய வருஷம். நவம்பர் கடைசியில் தஞ்சை ஜில்லாவைப் புயல் புரட்டிப் போட்ட வருஷம். அதே வருஷம்தான் பாங்காக்கிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திலேப்பியாவை இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள். இதில் மண்டபத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. மண்டபம் முகாம் என்றால் அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போகிறவர்களைத் தங்க வைத்துச் சோதித்து அனுப்பும் இடம். சுதந்திரத்தை ஒட்டி அங்கே மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அதன் இயக்குநராக இருந்த கேசவ பணிக்கரும் உடன் இருந்தவர்களும் இந்த மீனை வளர்த்துப் பார்த்து 1954-ல் விவரமாக எழுதினார்கள். நல்ல தண்ணீரிலும் வளர்ந்தது. உப்புத் தண்ணீரிலும் வளர்ந்தது. மனிதர்கள் பிழைப்புக்காகக் கடல் தாண்டிய அதே துறைக்கு எதிர்த் திசையிலிருந்து ஒரு மீன் வந்திருக்கிறது.

இதைக் கொண்டுவந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வங்காளப் பஞ்சம் முடிந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. முதல் ஐந்தாண்டுத் திட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதிக உணவு உற்பத்தி செய்யுங்கள் என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலம். கிராமத்துக்கு ஒரு குளம் இருக்கிறது, அதில் சீக்கிரம் வளர்கிற மீனை விட்டால் ஏழைக்கு ஒரு வேளை புலால் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். வெளியூர் மீனைக் கொண்டுவந்து விடுவதும் புதிதல்ல. அதற்கு முன்பே கோதாவரிக் கட்லா காவிரிக்கு வந்தாயிற்று. நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் ட்ரவுட் மீனைத் தூண்டில் விளையாட்டுக்காக விட்டிருந்தார்கள். ஜாவாவிலிருந்து கௌராமி வந்தது. அவையெல்லாம் விட்ட இடத்தில் இருந்தன. ஜிலேபி விட்ட இடத்தில் இருக்கவில்லை.

ஏன் இருக்கவில்லை என்பதில்தான் இந்த மீனின் குணமே இருக்கிறது.

பெண் மீன் முட்டையிட்டு, அதை வாயில் அள்ளிக்கொள்கிறது. முட்டை பொரிவதும் வாய்க்குள்தான். பொரிந்த பிறகும் சில நாள் குஞ்சுகள் அங்கேயே இருக்கும். அத்தனை நாளும் தாய்க்குச் சாப்பாடு அநேகமாகக் கிடையாது. குஞ்சுகளை வெளியே விட்ட பின்னும், ஏதாவது ஆபத்து என்றால் தாய் வாயைத் திறக்கும், குஞ்சுகளெல்லாம் ஓடிவந்து உள்ளே நுழைந்துவிடும். நம் கெண்டை லட்சக்கணக்கில் முட்டையிட்டு வெள்ளத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. பிழைத்தது பிழைக்கும், போனது போகும். ஜிலேபி சில நூறு முட்டைதான் இடும், ஆனால் பெரும்பாலும் கரைசேர்த்துவிடும். பிறந்த இரண்டு மூன்று மாதத்திலேயே தாயாகிவிடுகிறது. தண்ணீர் சூடாக இருக்கும்வரை மாதம் ஒரு தடவைகூட இட்டுக்கொண்டே இருக்கும்.

கோடையில் குளத்துத் தண்ணீர் குறையும்போது தரையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும், பார்த்திருப்பீர்கள். மாட்டுக் குளம்பு பட்ட குழி என்று சின்ன வயதில் நினைத்திருந்தோம். அது ஆண் ஜிலேபி பறித்த கூடு. முட்டையிடும் காலத்தில் ஆணின் உடம்பு கன்னங்கரேலென்று ஆகிவிடும், தொண்டைப் பக்கம் வெளுக்கும், துடுப்பு ஓரம் சிவக்கும். மாப்பிள்ளைக் கோலம்தான். தன் குழிக்குப் பக்கத்தில் வேறு ஆணை வரவிடாது.

தீனியில் இதற்கு வம்பே கிடையாது. பாசி, அழுகல், புழு, சிறு பூச்சி, மற்ற மீனின் முட்டை, எதுவும் சரி. தண்ணீர் கலங்கினாலும், காற்று குறைந்தாலும், உப்பு ஏறினாலும் தாங்கும். குளிர் ஒன்றுதான் ஆகாது. தண்ணீர் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் போனால் செத்துவிடும். நம் ஊரில் அந்தக் கவலை ஏது? இன்னொரு பலவீனமும் உண்டு. விரால், குறவை மாதிரி மேல் காற்றைக் குடித்துக்கொண்டு ஈரச் சேற்றில் கிடக்க இதற்குத் தெரியாது. குளம் வற்றினால் ஜிலேபி வம்சம் அந்தக் குளத்தில் முடிந்தது. ஆனால் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, மதகு வழியாக ஒரே ஒரு தாய் மீன் வாய் நிறையக் குஞ்சோடு உள்ளே நுழைந்தால் போதும். பொங்கலுக்குள் குளம் நிறைந்துவிடும். இத்தனை வாய்க்காலை வெட்டிப் பின்னிவைத்த டெல்டாவைவிட இதற்கு வசதியான ஊர் உலகத்தில் கிடைக்குமா?

ஏழே வருஷத்தில் விஷயம் புரிந்துவிட்டது. 1959-ல் மத்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இனி இந்த மீனைப் பரப்பக் கூடாது என்று தடை போட்டது. அதற்குள் அது ஊர் முழுக்கப் போயாயிற்று. காகிதத்தில் போட்ட தடை வாய்க்காலில் ஓடுகிற மீனை என்ன செய்யும்? அமராவதி, வைகை, கிருஷ்ணகிரி அணைகளில் எல்லாம் ஜிலேபி குடியேறியது. அமராவதி அணையில் வலையில் விழுவதில் பெரும்பங்கு ஜிலேபியாகவே இருந்த வருஷங்கள் பல.

நான் 1972-ல் ஒரு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். குளங்களின் மீன்பாசிக் குத்தகைக் கோப்புகள் என் மேஜைக்கு வரும். பசலி ஆண்டுக்கு ஒரு முறை ஏலம். அந்த ஏலங்களில்தான் நான் இந்த மீனின் சரித்திரத்தைக் கண்ணால் பார்த்தேன். பழைய கோப்புகளில் குளத்துக்குப் பேரே மீனை வைத்துத்தான் இருந்தது. இது விரால் குளம், இது கெண்டைக் குளம் என்று ஏலம் கேட்பவர்கள் பேசிக்கொள்வார்கள். விரால் குளத்துக்குப் போட்டி அதிகம், தொகையும் அதிகம். நான் சேர்ந்து பத்து வருஷத்துக்குள் அந்தப் பேச்சு மறைந்துவிட்டது. வழக்கமாக ஏலம் எடுக்கும் பெரியவர் ஒருவர், தலைமுறையாக வலை போடும் குடும்பம், ஒரு வருஷம் தவணைக்கு அவகாசம் கேட்டு வந்தார். குளத்தை இறைத்து அரித்ததில் உள்ளங்கை அளவு ஜிலேபிதான் கூடை கூடையாக வந்ததாம். "விராலு ஏழு, கெளுத்தி ஒரு சட்டி. மத்ததெல்லாம் இது. எளுதிக்கங்க தம்பி, இனிமே இது மீன்பாசிக் குத்தகை இல்ல, ஜிலேபிக் குத்தகை" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

உள்ளங்கை அளவு என்று அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நெருக்கடி கூடினால் ஜிலேபி வளர்வதை நிறுத்திவிட்டுப் பெருக ஆரம்பிக்கும். கைவிரல் நீளத்திலேயே வாயில் குஞ்சு. குளம் நிறைய மீன், ஆனால் எடை போட்டால் காசு இல்லை. அரசாங்கம் தடை போட்டதற்கு இதுவும் முக்கியக் காரணம்.

அதனால் எது எது போயிற்று? கருமுழிக் கெண்டை, சேல் கெண்டை, வெண்கெண்டை, காக்கா மீன் என்று எங்கள் அப்பா ஆற்றங்கரையிலேயே பெயர் சொல்லி வாங்குவார். இன்றைக்கு மீன் கடையில் இந்தப் பெயர்களைச் சொன்னால் நம்மைத்தான் பார்ப்பார்கள். விரால் குஞ்சுகள் செந்நிறத்தில் ஒரே திரளாக நீர்மட்டத்தில் மேயும், கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தச் சமயத்தில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அந்த இடத்தில் தூண்டில் போடவிட மாட்டார்கள். ஆடி மாதப் புதுத் தண்ணீரில் எதிரேறி வரும் மீனுக்கு மடையில் பறி வைப்பது, வயலில் ஊத்தா குத்துவது, இதெல்லாம் எங்களுக்கு விளையாட்டும் சாப்பாடும் சேர்ந்த விஷயம்.

எல்லாப் பழியையும் ஜிலேபி தலையில் போடுவது நியாயமில்லை என்பது என் கட்சி. கெண்டைக் குலத்துக்கு முட்டையிட வெள்ளம் வேண்டும். 1934-ல் மேட்டூர் அணை வந்ததிலிருந்தே காவிரி வெள்ளம் மனிதன் சொன்னபடி வருகிறது. அதன் பிறகு கிளை ஆறுகளிலும் அணைகள். எழுபதுகளில் வயலுக்கு அடித்த பூச்சி மருந்தில் வாய்க்கால் மீன் வயிற்றைக் காட்டி மிதந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மணல் அள்ளிய குழி, சாயக் கழிவு, சாக்கடை. நம் மீன்களுக்கு வாழ வழியில்லாமல் செய்தது நாம். காலியான வீட்டில் குடியேறியது ஜிலேபி. மதகோரத்தில் தேங்கிக் கிடக்கும் நாற்றத் தண்ணீரிலும் ஒரு மீன் துள்ளினால் அது ஜிலேபியாகத்தான் இருக்கும். அதை எதிரியாகப் பார்ப்பதா, கடைசி வரை கூட இருந்ததாகப் பார்ப்பதா என்று எனக்குள்ளேயே வழக்கு நடக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்கோடியில் நடவு வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் இருந்தார். கணவர் இல்லை, நான்கு பிள்ளைகள். சாயங்காலம் வரும்போது மடியில் எப்போதும் ஒரு கை ஜிலேபி இருக்கும். வாய்க்காலில் துணியை விரித்தே பிடித்துவிடுவார். அந்தப் பிள்ளைகள் நால்வரும் அந்த மீனில்தான் வளர்ந்தார்கள். 1952-ல் போட்ட கணக்கு அந்த வீட்டைப் பொறுத்தவரை சரியாகவே வந்தது. இலங்கையில் இன்னும் பெரிய அளவில் அது நடந்தது. பராக்கிரம சமுத்திரம் போன்ற பழைய மன்னர் காலத்து ஏரிகளில் மீன்பிடித் தொழில் என்று ஒன்று தழைத்ததே இந்த மீன் வந்த பிறகுதான்.

சாப்பாட்டு விஷயம் சொல்லாமல் விட்டால் நம் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கெண்டையில் சதைக்கு நடுவே பொடிமுள் பின்னிக் கிடக்கும், ஜிலேபியில் அது கிடையாது. பல் போன நம் போன்றவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம். சேற்று வாசனை வருகிறது என்பார்கள். அது மீனின் குற்றமில்லை, அது தின்ற பாசியின் குற்றம். உப்பும் புளியும் போட்டு நன்றாக உரசிக் கழுவினால் பாதி போய்விடும், மீதி மறுநாள் குழம்பில் தெரியாது. இந்த மீன் தின்றால் அந்த வியாதி வரும், இந்த வியாதி வரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை எனக்கு அனுப்பாதீர்கள். எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று மட்டும் விசாரித்து வாங்குங்கள்.

கதை அங்கே நிற்கவில்லை. 1988-ல் பிலிப்பைன்ஸில் விஞ்ஞானிகள் இதன் பங்காளியான நைல் திலேப்பியாவைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்து, வேகமாக வளரும் ரகம் ஒன்றை உண்டாக்கத் தொடங்கினார்கள். அதைத்தான் இன்று கிஃப்ட் திலேப்பியா என்கிறார்கள். ஆணாகவே வளர்த்தால் பெருகுகிற தொல்லையும் இல்லை, எடையும் கூடுகிறது. அரை நூற்றாண்டு தள்ளி வைத்திருந்த நம் அரசாங்கமும் 2009-ல் நிபந்தனைகளோடு திலேப்பியா வளர்க்க அனுமதி கொடுத்தது. பண்ணையில் இருக்க வேண்டிய மீன் மழைக்காலத்தில் கரை உடைந்தால் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், உலகத்தையே ஆக்கிரமித்த நூறு மோசமான உயிரினங்களின் பட்டியலில் மொசாம்பிக் திலேப்பியாவின் பெயர் இருக்கிறது. அதே மீன் சொந்த ஊரில் அழியும் ஆபத்தில் இருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் இன்னொரு பட்டியல் சொல்கிறது. அங்கே அதன் ஆறுகளில் நைல் திலேப்பியாவைக் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டும் கலந்து கலப்பு இனமாகி, அசல் மொசாம்பிக் மீன் கரைந்துகொண்டிருக்கிறது.

போன மாதம் எங்கள் ஊர்ச் சந்தையில் இரண்டு குவியல் இருந்தது. ஒன்றில் வெளுத்த, கொழுத்த கிஃப்ட். மற்றதில் கறுத்த, சின்ன, முள் நீட்டிய பழைய ஜிலேபி. கிலோவுக்கு முப்பது ரூபாய் கூடுதல் சின்னதற்குத்தான். ஏனம்மா என்று கேட்டேன். "அது பண்ணை மீனு சார். இது ஆத்துல புடிச்சது, நாட்டு ஜிலேபி" என்றார் அந்த அம்மா. அரைக் கிலோ போடச் சொன்னேன்.